ஒரு வாசலும் ஐந்து ஜாமீன்தாரர்களும்

நகராட்சி டெண்டர் என்றாலே டெபாசிட், ஜாமீன், பில் பாஸ் ஆகும்வரை காத்திருப்பு. இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கி.மு. 105-லேயே இத்தாலியின் புத்தியோலி நகரம் இவற்றை எழுதி வைத்துவிட்டது. கி.மு. 194-ல் 300 பேரைக் குடியேற்றி ரோம் உருவாக்கிய துறைமுக ஊர் அது.

வேலை என்னவோ சின்னதுதான். செராபிஸ் கோயிலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப்பக்கம் உள்ள சுவரில் 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரு வாசல் திறக்க வேண்டும். கலவையில் நீற்றிய சுண்ணாம்பு கால் பங்கு என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். (இன்றைய ஒப்பந்தப் படிவங்கள் தோற்றன!)

காண்ட்ராக்ட் எடுத்தவர் காயுஸ் பிளோசியுஸ். தொகை 1,500 செஸ்டெர்ஸ். ஜாமீனாக நிலம் பதிவானதும் பாதிப் பணம். வேலை முடிந்து ஒப்புதல் கிடைத்ததும் மீதி. அந்த ஒப்புதலை ஒரே ஓர் அதிகாரியின் கையெழுத்தால் வாங்கிவிட முடியாது. நகர சபையினர் 20 பேர் சத்தியம் செய்து சரி என்றால்தான் சரி.

முதல் ஜாமீன்தாரரே பிளோசியுஸ்தான். கூட இன்னும் நால்வர். பாதிப் பணம் முன்கூட்டியே கிடைப்பது எந்த வியாபாரிக்கும் பெரிய வசதி. ஆனால் அது அடமானம் வைக்க நிலம் உள்ளவர்களுக்கு மட்டும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், நிலமோ நிலமுள்ள நண்பர்களோ இல்லாத கொத்தனார் இந்தப் போட்டிக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது. ஜாமீன் கொடுத்த ஐவரின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. சுவரை இடித்து வாசலைக் கட்டியவர்கள் பெயர் இல்லை.