குருதி சென்ற வழி

உடலிற் குருதி ஓடுகின்றது என்பதை மாந்தர் தொன்றுதொட்டே அறிந்திருந்தனர். அது புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகின்றது என்பதை அறியத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உணவு கல்லீரலிற் குருதியாகி, உறுப்புகளைச் சென்றடைந்து அங்கேயே செலவாகிவிடுகின்றது என்றார். குருதியின் ஒரு பகுதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்லும் பொருட்டு, இடைச்சுவரிற் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உள்ளன என்றும் எழுதினார். அத்துளைகளைக் கண்டார் எவருமிலர். எனினும் கேலன் கூறியதே மருத்துவர்க்கு வேதவாக்காயிற்று.

கெய்ரோவில் மருத்துவராய் விளங்கிய இபுனு அல் நபீஸ், 1242இல், இபுனு சீனாவின் மருத்துவ நூலுக்கு வரைந்த உரையில் இக்கொள்கையை மறுத்தார். இடைச்சுவர் தடித்தது, துளையற்றது, குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றொடு கலந்தே இடப்புறம் வருகின்றது என்பது அவர் முடிபு. உரையாசிரியர் மூலத்தை மறுத்தெழுதுவது எத்துணை அருமையுடைத்து என்பதைத் தமிழ் பயில்வோர் நன்குணர்வர். அவ்வுரையின் ஏட்டுப்படி பெர்லின் நூலகத்திற் கிடந்து, 1924இலேதான் ஆய்வாளர் கண்ணிற்பட்டது.

ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் எளிய கணக்கு ஒன்றை முன்வைத்தார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு குருதி வெளியேறுமாயின், அரைமணி நேரத்தில் நிகழும் ஆயிரம் துடிப்புகளுக்கு 500 அவுன்சு ஆகும். உடலிலுள்ள குருதி முழுவதும் அவ்வளவு இல்லை. உண்ணும் உணவிலிருந்து அத்துணையும் புதிதாய் ஊறுதல் எங்ஙனம்? ஆகவே, சென்ற குருதியே மீள்கின்றது எனத் துணிந்தார்.

ஆயின், தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை அவரும் கண்டாரல்லர். கேலனைப் போன்றே அவரும் காணாத வழியொன்றை நம்பினார் எனலாம். வேறுபாடு இதுவே: கேலனின் துளைகள் கொள்கையைக் காப்பதற்காகப் படைக்கப்பட்டவை, ஹார்வியின் வழியோ கணக்கினால் வேண்டப்பட்டது.

ஹார்வி 1657இல் மறைந்தார். நான்காண்டு கழித்து, 1661இல், இத்தாலியரான மால்பிகி உருப்பெருக்கியின் கீழ்த் தவளையின் நுரையீரலை ஆராய்ந்தார். தவளையினத்தையே ஏறத்தாழ அழித்துவிட்டதாக அவரே எழுதும் அளவுக்குப் பல தவளைகள் அவர் கையில் மாண்டன. மெல்லிய அந்நுரையீரலில் தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழல்கள் தெரிந்தன. தந்துகிகள் என நாம் இன்று வழங்குபவை அவையே.

தந்துகிகளின் மெல்லிய சுவரூடே உயிர்வளி குருதியிற் கலக்கின்றது. கரியமில வாயு வெளியேறுகின்றது. மால்பிகி கண்டது அவ்வாயிலையே. ஆனால் உயிர்வளி என ஒன்று உண்டு என்பதை உலகம் அறிய மேலும் நூறாண்டுக்கு மேற்சென்றது.