அக்கியும் மருவும்: சிறுநீரகம் மாற்றியவர் தோலில்

அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொள்வதும், மரு உதிர வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதும் நம் பக்கத்து வழக்கம். பலருக்குக் குணமாகியும் இருக்கிறது. திடமான உடம்பு இவ்விரண்டையும் தரும் வைரஸ்களைப் பெரும்பாலும் தானே அடக்கிவிடும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு அது நடக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு என்று ஆயுள் முழுக்க மாத்திரை கொடுத்து எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது நரம்பு முடிச்சுகளில் தங்கிவிட்ட வைரஸ்தான் அக்கியாக எழும்புகிறது. முதலில் எரிச்சலும் குத்தலும். இரண்டு மூன்று நாளில் முதுகிலிருந்து விலாவைச் சுற்றி, சிவந்த தோலின் மேல் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவரிடம் இந்த எல்லை உடைந்துபோகலாம். விலாவில் தொடங்கியது முகத்திலும் தொடையிலும் சிதறினால், வைரஸ் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். நுரையீரலும் கல்லீரலும் அடுத்து பாதிக்கப்படலாம். சிலருக்குக் கொப்புளம் தெரியும் முன்பே கடுமையான வயிற்றுவலி வந்து, வேறு நோயோ என்று தேட வைக்கும். முதல் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. பரவியிருந்தால் அசைக்ளோவிரை டிரிப்ஸில் ஏற்றுவார்கள், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்த்து அளவைக் குறைத்து. காவி காயும்வரை காத்திருந்தால் அந்த மணி நேரங்கள் போய்விடும்.

மரு பெரும்பாலும் வலிக்காது. என்னைக் கேட்டால், அதனாலேயே இரண்டில் அதிகம் கவலைப்பட வேண்டியது மருதான். அக்கிக்காரரை வலியே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துவிடும். பாப்பிலோமா வைரஸ் தரும் மருவோ ஒன்றிரண்டாகத் தொடங்கி, சிறுநீரகம் மாற்றியபின் ஆண்டுகள் ஏற ஏற விரல்களிலும் நகக்கண்ணைச் சுற்றியும் சொரசொரப்பாகப் பெருகும். திரவ நைட்ரஜனால் உறையவைத்தாலும் திரும்ப முளைக்கும். அவற்றுக்கு நடுவே ஒன்று தடித்து, புண்ணாகி, இரத்தம் கசிந்தால் அது தோல் புற்றாக இருக்கலாம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வெள்ளைத் தோலினருக்கு இந்தப் புற்று வெயில் படும் இடங்களில் அதிகம். கருத்த தோலினருக்கு மொத்தத்தில் குறைவுதான், ஆனால் வெயிலே படாத பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளிலும் வரும். அந்த இடத்து மருவை நம்மவர்கள் கூச்சப்பட்டு மறைப்பார்கள். கையை மட்டும் நீட்டிக் காட்டுகிறவரிடம் மருத்துவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.