சேறு அதேதான், பயம்தான் வேற

முகூர்த்த நாள் காலையில கடலூர்ல இருந்து திருவந்திபுரத்துக்கு பைக்ல போயிருக்கீங்களா? தேவநாத சுவாமி கோயில்ல வரிசையா கல்யாணம். வேன், ஆட்டோ, பட்டுப்புடவையோட பின்சீட்டுல ஒருபக்கமா உட்கார்ந்து வர்றவங்கன்னு ரோடே நிறைஞ்சிருக்கும். அதுவே ஐப்பசி மழை நாளா இருந்தா, கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் கரைஞ்சு தார் மேல படியும். கெடிலக்கரை வயல்ல சேறடிச்ச டிராக்டர் ரோட்டுல ஏறினா, சேறும் கூடவே ஏறும்.

இந்தச் சேத்துக்கு நம்ம முன்னோரும் பயந்தாங்க. ஆனா அது வேற பயம். புறநானூற்றின் 60ஆம் பாட்டில், உறையூர் மருத்துவன் தாமோதரனார் தன் சோழ மன்னனை ஒரு எருதுக்கு ஒப்பிடுகிறார். கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப்போகும் வண்டி பள்ளத்தில் புதைந்தால், அதை இழுத்து மேலேற்றும் எருது. 102ஆம் பாட்டில் ஔவையாருக்குப் பொகுட்டெழினி, உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சு. அந்தக் காலத்து ஸ்டெப்னின்னு வெச்சுக்கோங்க! புதையறதும் அச்சு முறியறதும்தான் அங்க கவலை. தீர்வு, பலம்.

1888ல டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு தார் ரோடும் வந்தது, வேகமும் வந்தது. இப்போ அடியில கெட்டியான தார், மேல வழுவழுன்னு ஒரு படலம். டயர் பள்ளங்கள்ல சேறு அடைச்சுக்கிட்டா பிடிமானமே கிடையாது. வண்டி புதையாது, வழுக்கும். இங்க பலத்தைக் காட்டி பிரேக்கை அழுத்தினா சக்கரம் சுத்தாம நின்னுடும், வண்டி சறுக்கிடும்.

சக்கரம் அப்படி நிக்காம காக்கிற ஏபிஎஸ் காருக்கு வந்த பிறகு, பைக்குக்கு 1988ல வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு அது கட்டாயமானது. அதுக்குக் கீழ இருந்தா சிபிஎஸ் போதும்னு விட்டாங்க. நம்மில் பலர் ஓட்டுற ஸ்கூட்டர் இந்த ரகம். சிபிஎஸ் ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். சக்கரம் நின்னுபோறதைத் தடுக்காது. விளம்பரத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் எனக்குக் கேட்குது.

அதனால, செம்மண் கண்ணுல பட்டதுமே, அதுக்கு முன்னாடியே நேர் ரோட்டுல வேகத்தைக் குறைச்சிடுங்க. சேத்து மேல போகும்போது வண்டியைச் சாய்க்காதீங்க, ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க, முன் பிரேக்கைத் தொடாதீங்க. கல்யாணத்துக்கு லேட்டானா ஆகட்டும். பந்தி எப்படியும் மூணு ரவுண்டு நடக்கும்.