மானிங் றேஞ்சர்ஸ்: ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறும் ஆடுகளத்தின் உரிமையும்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பாதையில் ஹுன்னஸ்கிரியவைக் கடப்போர் தேயிலைச் சரிவுகளைக் காண்பர். இத்தகைய தோட்டப்புறங்களில் மாலை வேளையில் இளைஞர் பந்தடிக்கும் சமதரை பெரும்பாலும் அவர்களுக்குரியதன்று, தோட்ட நிருவாகத்துக்குரியது. அவர்கள் அமைக்கும் கழகங்கள் தோன்றுவதையும் மறைவதையும் எவரும் எழுதுவதில்லை. அவற்றின் வரலாற்றை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்ற வினாவிற்குத் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரக் கழகமொன்று விடை பகர்கின்றது.

மலையகத்துக்குக் கோப்பித் தொழிலாளராக மக்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டேர்பனை அடைந்தது. ஒப்பந்தமுறை நின்றுபோன 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். வெள்ளையரின் கழகங்களில் இடம் பெறாத இம்மக்கள் தமக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். தென்னாபிரிக்க இந்திய உதைபந்தாட்டச் சங்கம் 1903இல் தோன்றியது. டேர்பன் இந்தியரிடையே மானிங் றேஞ்சர்ஸ் கழகம் 1928இல் உருவாயிற்று.

இங்கு 1948ஆம் ஆண்டு கருதத்தக்கது. அவ்வாண்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சி ஏறியது. 1950ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டம் இனவாரியாக நிலத்தைப் பிரித்தது. கேட்டோ மேனர் முதலிய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர் 1960களில் சட்ஸ்வேத் குடியிருப்பில் இருத்தப்பட்டனர். மானிங் றேஞ்சர்ஸின் பிற்காலத் தளம் இதுவே. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் இதே பத்தாண்டில், 1964இல் கைச்சாத்தானது.

விளையாட்டும் இதிலிருந்து தப்பவில்லை. இன ஒதுக்கலை மறுத்த தென்னாபிரிக்க உதைபந்தாட்டச் சுற்று 1961இல் தொடங்கியது. டேர்பனின் கறிஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆபிரிக்கரும் இந்தியரும் கலப்பினத்தவரும் ஒருங்கே ஆடினர். இதனை நேரடியாகத் தடைசெய்வதினும் எளிய வழி ஆட்சியாளரிடம் இருந்தது. நகரசபைகள் மைதானங்களை மறுத்தன. 1966 அளவில் சுற்று நிலைகுலைந்தது. வீரரோ பார்வையாளரோ குறைந்தமையால் அன்று, ஆடுகளம் பிறர் கையில் இருந்தமையாலேயே அது வீழ்ந்தது.

நிறவெறி தளர்ந்து, 1992இல் தென்னாபிரிக்கா உலக உதைபந்தாட்ட அரங்கிற்கு மீண்டது. 1996-97இல் தொடங்கிய புதிய தொழில்முறைச் சுற்றின் முதற் பட்டத்தை, கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ் ஆகிய பெருங்கழகங்களைப் பின்தள்ளி, கோர்டன் இகெசண்ட் பயிற்றுவித்த மானிங் றேஞ்சர்ஸ் வென்றது. கறுப்பின வீரரும் கிரேக்க வழிவந்த ஜோர்ஜ் கூமந்தராக்கிஸும் ஒரே அணியில் ஆடினர். 1998இல் ஆபிரிக்க வெற்றிவீரர் கிண்ணத்தின் குழுநிலை வரை அது முன்னேறியது.

ஆயினும் பத்தாண்டு கழியுமுன் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. 2006இல் கேப்டவுன் நிதி நிறுவனமான ஃபிடென்ஷியா அதனை வாங்கித் தன் பெயரைச் சூட்டியது. சுரங்கத் தொழிலாளரின் விதவையர், அநாதைகள் ஆகியோரின் நம்பிக்கை நிதியையும் கையாண்ட அந்நிறுவனம் 2007இல் நீதிமன்ற மேற்பார்வைக்கு உட்பட்டது. கழகம் 'இகாப்பா' என்ற பெயரில் கேப்டவுனிலேயே தொடர்ந்தது. நிறவெறி ஆட்சியின் கீழும் நிலைத்த கழகம் ஒரு விற்பனைப் பத்திரத்தால் தன் மக்களை இழந்தது.

இவ்விரு வீழ்ச்சிகளிலும் ஒரே விதி செயற்படுவதை உணரலாம். 1966இல் களம் நகரசபையினது; 2006இல் கழகமே முதலாளியினது. ஆட்டத்திறன் மக்களிடம் இருந்தது. உடைமை அவர்களிடம் இல்லை. கிண்ணங்களின் பட்டியல் இவ்வுண்மையைக் காட்டாது. நிலம் எவருடையது, கழகத்தின் முடிவுகளை எடுத்தோர் யார் என்ற வினாக்களே காட்டும். ஹுன்னஸ்கிரிய முதலான தோட்டப்புறக் கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், முதியோரின் நினைவுகள் மறையுமுன் இவ்வினாக்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.