குடியிலிருந்து மீளுதல்: காவிரிப் படுகையின் எழுதப்படாத பக்கம்



கீழத்தஞ்சையின் வரலாற்றை எழுதியவர்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எழுதினார்கள். 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் அவற்றுக்கு எதிராக எழுந்த போராட்டத்தையும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையும் எழுதினார்கள். ஆனால் சேரிக்குள் சாராயம் செய்த அழிவை ‘அது அவர்கள் குணம்’ என்று ஊர் சொல்லி முடித்துவிட்டது. அது குணமல்ல. சாவு வீட்டில் பறையடித்தவருக்குக் கூலியோடு சாராயமும் கொடுத்த ஊர்களில், குடி சாதித்தொழிலின் கூலியாகவே வந்து சேர்ந்தது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1907இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசர் போதித்த பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதுவை விலக்குவது. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளிலும் அது உண்டு.

அரசு வேறு வழியில் போனது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறைக் கடை நடத்துகிறது. கடையைப் பற்றி இத்தனை முடிவெடுத்தவர்கள் குடிநோயாளியின் சிகிச்சையைப் பற்றி மிகக் குறைவாகவே யோசித்தார்கள்.

அந்தச் சிகிச்சை நம் வயல்வெளிக்கே வந்த கதையும் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. 15 நாள் ஊரிலேயே தங்கிச் சிகிச்சை, குடும்பத்துக்கும் ஆலோசனை, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்த கவனிப்பு. சென்னைக்குப் போய்ப் படுக்க வழியில்லாத கூலிக்காரனும் மீளலாம் என்பதை அது காட்டியது.

மீளுகிறவர் எதை எதிர்பார்க்க வேண்டும்? கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றே நிறுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. பல ஆண்டு விடாமல் குடித்த உடம்புக்கு அது ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையொட்டி இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும், உயிரும் போகலாம். அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே சரி. அவருக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலப்பதும் கூடாது. உடம்பு ஒரு வாரத்தில் ஓரளவு தேறும். தூக்கமின்மையும் எரிச்சலும் ஏக்கமும் பல மாதம் நீடிக்கலாம்.

பிறகுதான் ஊர் குறுக்கே வருகிறது. அறுவடைக் கூலி கைக்கு வரும் நாள், வேலையில்லாத கோடை, திருவிழா, சாவு வீடு: தவறி விழும் இடங்கள் இவை. மீண்டும் குடித்துவிட்டவரைத் துரோகி என்று சங்கத்திலிருந்து விலக்காதீர்கள். சறுக்கல் இந்த நோயின் இயல்பு. மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கூலி நாளில் கூட நில்லுங்கள், மாலையில் உட்கார ஒரு படிப்பகம் திறந்து வையுங்கள். சாவு வீட்டுச் சாராயத்தை மறுப்பவரைத் தனியாக மறுக்க விடாதீர்கள்.

சவுக்கை நிறுத்தியது தனி மனிதனின் மனவுறுதி அல்ல, சங்கம். குடியிலிருந்து மீளுகிறவருக்கும் அந்தச் சங்கம் வேண்டும்.