முதல் சுற்றில் தோற்றவர்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் முடிவுப் பட்டியலில் பெண்களுக்கான 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களைத் தேடிப் பார்த்தால், இரண்டிலும் முதல் சுற்றோடு வெளியேறியவர்களுக்கு நடுவே மேவ் கைல் என்ற பெயர் இருக்கும். நாடு, அயர்லாந்து. பதக்கத்தைத் தேடும் கண் அந்தப் பெயரில் நிற்பதில்லை. நானும் கடந்துபோயிருப்பேன். பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்த ஒரு செய்திதான் என்னை நிறுத்தியது. கணவரையும் சிறு குழந்தையையும் விட்டுவிட்டு உலகின் மறுகோடிக்கு ஓடப் போகிறவள் தாய்மைக்கும் ஐரிஷ் தேசத்துக்கும் அவமானம் என்று அப்போது சொன்னார்களாம். பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார்களாம். அவருக்கு அப்போது 28 வயது.

அந்த அணியில் இருந்த ஒரே பெண் அவர்தான். ஒலிம்பிக் தடகளத்தில் அயர்லாந்துக்காக ஓடிய முதல் பெண்ணும் அவரே. உடன் சென்ற ஆண்களிடம் 'வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று யாரேனும் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்தக் கடிதங்களை எழுதியவர்களைச் சில கோபக்கார வாசகர்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் எழுதியது 22 ஆண்டுகளுக்கு முன்பே பொதுவில் ஒலித்த வாதம். 1934இல் அயர்லாந்தின் தேசியத் தடகளச் சங்கம், ஆண்களின் போட்டிகள் நடக்கும் அதே திடலில், அதே நாளில் பெண்களுக்கு ஒரு 100 கஜ ஓட்டத்தைச் சேர்க்க முடிவு செய்தது. ஒரே ஓர் ஓட்டம், பத்துப் பன்னிரண்டு விநாடி விவகாரம். அதற்கே டப்ளினின் பிளாக்ராக் கல்லூரித் தலைவராக இருந்த ஜான் சார்ல்ஸ் மெக்வெய்ட் என்ற பாதிரியார் பத்திரிகைக்கு எழுதினார். ஆணும் பெண்ணும் ஒரே திடலில் போட்டியிடுவது ஐரிஷ் பண்புக்கும் கத்தோலிக்க நெறிக்கும் புறம்பானது என்றார். பெண்கள் ஓடும் போட்டிகளுக்குத் தம் கல்லூரி மாணவர்கள் வரமாட்டார்கள் என்றும் அறிவித்தார். பெண்கள் ஆடும் கமோகி விளையாட்டின் அமைப்பும் அவர் பக்கமே நின்றது. அதன் சார்பில் பேசியவர் ஓர் ஆண்! எந்தப் பெண்ணும் ஆட்சேபத்துக்குரிய உடையில் திடலுக்கு வராமல் பார்த்துக்கொள்வோம் என்று அவர் உறுதி கொடுத்தார். தடகளச் சங்கம் பின்வாங்கியது. அந்த 100 கஜ ஓட்டம் நடக்கவில்லை.

மெக்வெய்ட் 1940இல் டப்ளினின் பேராயரானார். அதற்கு முன்பே, 1937 அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது டி வலேராவுக்கு ஆலோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் அவர். அந்தச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பெண் வீட்டுக்குள் வாழும் வாழ்க்கையால் அரசுக்குத் துணைநிற்கிறாள் என்று போற்றுகிறது. பொருளாதார நெருக்கடியால் தாய்மார்கள் வேலைக்குப் போய் வீட்டுக் கடமைகளைப் புறக்கணிக்கும் நிலை வராமல் அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது. போற்றுவதும் பூட்டுவதும் ஒரே வாக்கியத்தில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. அந்நாட்டின் அரசுப் பணியில் இருந்த பெண்கள் திருமணமானதும் வேலையை விட்டாக வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது.

மேவ் இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வாழவில்லை. 1928இல் கில்கென்னியில் பிறந்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர் அவர். 1954இல் ஷான் கைலை மணந்து வட அயர்லாந்தின் பாலிமீனாவுக்குக் குடிபோனார். ஆனால் ஒரு தாயைப் பழிப்பதற்கு நாட்டு எல்லை தடையாக இருப்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேவுக்குக் கிடைத்தவை அன்றைய ஐரிஷ் பெண்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காதவை. படித்த புராட்டஸ்டன்ட் குடும்பம் அவருடையது, தந்தை பள்ளித் தலைமையாசிரியர். பேராயரின் சொல் அந்த வீட்டில் கட்டளை ஆகியிருக்காது என்பது என் வாசிப்பு. ஹாக்கியில் அயர்லாந்துக்காக 58 முறை ஆடியவர் அவர். அந்தக் கால்களின் வேகத்தைத் தடகளத்துக்குத் திருப்பியவர் கணவரே. அவர் பயிற்சியாளர். போகாதே என்று தடுக்காமல், போய் ஓடு என்று சொன்ன கணவர். இவை எதுவும் இல்லாத, அதே வேகத்தோடு பிறந்த கத்தோலிக்க உழவர் வீட்டுப் பெண் ஒருத்தியை நினைத்துப் பார்க்கிறேன். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, முதல் சுற்றில் தோற்றவர்களின் பட்டியலில்கூட.

மெல்போர்னில் அதே அணியின் ரோனி டெலனி 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் புகழுக்கு முழுத் தகுதி உள்ளவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மெல்போர்னில் ஒரு பெண் 1500 மீட்டர் ஓட விரும்பினாலும் ஓடியிருக்க முடியாது. அங்கே பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டம் 200 மீட்டர். 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்த சிலர் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. விளைவாக அந்தப் போட்டியே நீக்கப்பட்டு, 1960இல்தான் திரும்பி வந்தது. 400 மீட்டர் 1964இல்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

மேவின் வாழ்க்கையை இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் சுற்றுத் தோல்விக்கு வேறு பொருள் கிடைக்கிறது. 1960 ரோமிலும் அவர் குறுந்தூரம் ஓடினார். 1964 டோக்கியோவில் 400, 800 மீட்டர் இரண்டிலும் அரையிறுதிக்குத் தகுதி பெற்றார். அப்போதுதான் 36 வயது நிறைந்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, டார்ட்மண்டில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார். அவருக்கு ஏற்ற தூரம் அதுவாக இருந்திருக்கலாம். அது அவருக்குத் திறந்துவிடப்பட்டபோது, ஓட்டக்காரர்கள் பலர் ஓய்வு பெற்றுவிடும் வயதைத் தொட்டிருந்தார். ஒரு பெண் தாமதமாக வந்தாள் என்று எழுதும் முன், கதவு எப்போது திறந்தது என்று கேட்க வேண்டாமா?

பிறகு அவர் பாலிமீனாவில் கணவரோடு சேர்ந்து தடகள மன்றத்தைக் கட்டி வளர்த்தார், பல பத்தாண்டுகள் இளையோருக்குப் பயிற்சி அளித்தார். விளையாட்டு வரலாறு பெரும்பாலும் எண்ணாமல் விடும் உழைப்பு அது.

2024 மார்ச்சில் அயர்லாந்தில் 41ஆம் பிரிவின் அந்த வரிகளை மாற்றுவதற்குப் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். எல்லாரும் பெண்ணை வீட்டுக்குள் வைக்க விரும்பியவர்கள் அல்லர். புதிய வாசகம் பராமரிப்புப் பொறுப்பை அரசிடமிருந்து கழற்றிக் குடும்பத்தின் தலையில் கட்டிவிடும் என்று அஞ்சிய மாற்றுத்திறனாளர் செயற்பாட்டாளர்களும் அவர்களில் உண்டு. எப்படியானாலும் பழைய வரிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பியத் தடகளப் போட்டி நடந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் அயர்லாந்து தங்கம் வென்றது. கிறிஸ் ஓ'டோனல் ராசிதாட் அடெலேகேவிடம் கோலைக் கொடுத்தார். அவர் தாமஸ் பாரிடம் கொடுத்தார். கடைசியாக வாங்கி ஓடி முடித்தவர் ஷார்லீன் மாட்ஸ்லி. ஆணும் பெண்ணும் ஒரே திடலில், ஒரே கோலைப் பிடித்து ஓடினார்கள்.

அந்தப் போட்டி நடந்த ஊர் ரோம்.