ஹிக்கின்ஸ் பாகவதர்

சிவகாசி, நாரணாபுரம் பக்கம் வளர்ந்தவர்களில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மொழி தெரியாத ஊருக்குப் போய்த் தொழில் கற்பதே பெரிய காரியம். மொழி தெரியாத ஊரின் பாட்டைக் கற்பது என்றால்? அதையும் ஒருவர் செய்திருக்கிறார். அவர் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்தவர்.

அவர் பெயர் ஜான் ஹிக்கின்ஸ். 1939இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் கர்நாடக இசை முதன்முதலில் அவர் காதில் விழுந்தது. அங்கே இந்திய இசை கற்பித்தவர் ராபர்ட் பிரவுன். சென்னைக்கு வந்து தி.ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றுப் போனவர் அவர். பிறகு அந்த ரங்கநாதனையே வெஸ்லியனுக்கு வரவழைத்துவிட்டார்கள்!

ரங்கநாதன் யார் என்று சொல்லாவிட்டால் கதை புரியாது. வீணை தனம்மாளின் பேரன். அக்கா நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதன். வீடு முழுக்க சங்கீதம். ஆனால் வெளியே காலம் மாறிவிட்டது. தேவதாசி மரபில் வந்த குடும்பங்களின் ஆட்டத்தை 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' மேடைக்குக் கொண்டுபோன காலம் அது. 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் வந்தது. முறை ஒழிந்தது சரிதான். அதோடு அந்தக் குடும்பங்களின் கலைக்கு இருந்த இடமும் சுருங்கிப் போனது. பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவில் ஆடியபோது, இங்கே கிடைக்காத மாதிரியான மாணவர்கள் அங்கே கிடைத்தார்கள்.

1964இல் ஹிக்கின்ஸ் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்தார். குரு விஸ்வநாதன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஃபுல்பிரைட் உதவியில் 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் மாணவராக உட்கார்ந்தவர்தான் விஸ்வநாதன். புது ஊரில் ஒன்றும் புரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? புல்லாங்குழல் வித்வான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பதில் ஆச்சரியமில்லை. கச்சேரியில் குழலை இறக்கிவிட்டு நடுவே பாடக்கூடியவர் அவர்.

குறுகிய காலத்திலேயே ஹிக்கின்ஸ் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். வெள்ளைக்காரர் பாடுகிறார் என்று வேடிக்கை பார்க்கத்தான் பலர் வந்திருப்பார்கள். 'பாகவதர்' என்ற பட்டமும் அவரோடு ஒட்டிக்கொண்டது. 'எந்தரோ மகானுபாவுலு' ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். வேடிக்கை முதல் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், மிச்சம் சங்கீதம்தான். 'கிருஷ்ணா நீ பேகனே' இன்னும் நெருக்கமானது. பாலசரஸ்வதி அபிநயம் பிடித்துப் புகழ்பெற்ற பாட்டு அது. வேகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் ஆசையே இல்லாமல், அந்தக் குடும்பத்துக்கே உரிய நிதானத்தோடு பாடுகிறார். உச்சரிப்பு அங்கங்கே இடறுகிறது என்பவர்கள் உண்டு. நம் பாடகர்கள் சிலரின் தமிழைக் கேட்டவர்கள் இவரைக் குறை சொல்லத் தயங்குவார்கள்!

பிறகு பாலசரஸ்வதியிடமும் கற்றார். பரதநாட்டியத்துக்கான இசையையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வாய்வழியாக வந்த சங்கதிகள் ஓர் அமெரிக்கரின் ஆய்வேட்டில் எழுத்தாகப் பதிந்தன. குருவும் சும்மா இருக்கவில்லை. விஸ்வநாதன் அதே வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றார். ராக ஆலாபனைதான் அவர் ஆய்வு. இருவரில் யார் யாருக்கு மாணவர் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

1971இல் ஹிக்கின்ஸ், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978இல் வெஸ்லியனுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அங்கே விஸ்வநாதனும் ரங்கநாதனும் இருந்தார்கள். சென்னையில் குரு, அமெரிக்காவில் சக ஆசிரியர்.

1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்த ஹிக்கின்ஸ் மீது குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதியது. அவருக்கு வயது 45. விஸ்வநாதன் தன் மாணவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் அதன் பிறகும் பதினெட்டு ஆண்டுகள், 2002இல் மறையும்வரை, அமெரிக்க மாணவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்.